வால் நறுக்கிய மீன்கள்

படிவத்தின் ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: ‘இந்த ஆண்டு கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பி வந்த மீன்களின் எண்ணிக்கை.’

மூன்று மாதமாக இசைவாணி அந்தக் கட்டத்தில் சுழியம் போட்டுக்கொண்டிருந்தாள். கல்வராயன் மலையில், மூங்கில்பள்ளம் என்ற ஆறு வீட்டு ஊரை ஒட்டி ஓடும் கரடியோடையில் மீன் எண்ணுவது அவள் வேலை. அந்த ஓடை இறங்கிக் கோமுகியில் விழ வேண்டும். கோமுகி அணையில் தேங்க வேண்டும். அணையைத் தாண்டினால் மணிமுக்தாவில் சேர்ந்து, பிறகு வெள்ளாற்றோடு போய், பரங்கிப்பேட்டைப் பக்கம்தான் கடலைப் பார்க்க முடியும். கடலில் இருக்கிற மீன் ஒன்றுக்குக் கல்வராயன் மலைக்கு வர ஆசை வந்துவிட்டால், அது சிதம்பரத்தில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் இறங்கி, வெள்ளிமலை பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். இசைவாணி ரிஷிவந்தியத்திலிருந்து வந்து தினமும் அப்படித்தான் நின்றாள். எந்த மீனும் அவளோடு வரிசையில் நிற்கவில்லை.

ஆனாலும் திட்ட ஒருங்கிணைப்பாளர் விஜயராகவனுக்குச் சுழியம் பிடிக்கவில்லை.

“சுழியம்னு போடாதம்மா. ‘தரவு திரட்டப்பட்டு வருகிறது’ன்னு போடு. சுழியம்னு பார்த்தா நாம தேடவே இல்லன்னு நெனைப்பாங்க.”

விஜயராகவன் ஒரு தடவை கனடாவுக்குப் போய் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சால்மன் என்கிற மீன் கடலிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறி, பிறந்த இடத்துக்கே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். அதை எண்ணுகிற படிவத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அதைத் தமிழில் மாற்றிக் கொடுத்தவர் மீனைக் குழம்பில் மட்டும் பார்த்தவராக இருக்க வேண்டும். ‘சால்மன்’ என்று இருந்த இடங்களில் எல்லாம் ‘மீன்’ என்று போட்டதோடு அவர் வேலை முடிந்துவிட்டது. இப்படியாக, கல்வராயன் மலையின் விரல் நீளக் கெண்டைகள் எல்லாம் கடலுக்குப் போய்த் திரும்பி வர வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாயின.

அவளை வேலைக்கு வைத்த அறக்கட்டளையில் ஒரு பனியனும் கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் துள்ளுகிற சால்மன் படம், ரோஸ் நிறத்தில். முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கியபோது, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பாவாயி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“இன்னா மீனு மேடம் அது? பவுடரு பூசிக்கினு கல்யாணத்துக்குப் போவுது?”

அன்றிலிருந்து இசைவாணி அந்தப் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

*

ஐப்பசி மழை விட்ட வாரத்தில் அடையாளம் போடும் வேலை தொடங்கியது. விஷயம் எளிமையானது. ஓடையில் இருக்கிற மீனை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ண யாராலும் முடியாது. அதனால் இருநூறு மீனைப் பிடித்து, அடையாளம் போட்டு, திரும்ப ஓடையில் விட்டுவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு கூடை மீன் பிடிக்க வேண்டும். அந்தக் கூடையில் பத்துக்கு ஒன்று அடையாள மீனாக இருந்தால், ஓடையிலும் பத்துக்கு ஒன்றுதான் அடையாள மீன். ஆக மொத்தம் இரண்டாயிரம். கூடையில் எல்லாமே அடையாள மீனாக இருந்தால், ஓடையிலேயே அந்த இருநூறுதான் மிச்சம். விஜயராகவனுக்கே புரிந்த கணக்கு.

மேற்பார்வையிட அவர் வந்திருந்தார். முழங்கால் வரை புத்தம் புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அந்தப் பூட்ஸில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்று முழுவதும் அவர் செய்த வேலை. ஒரு பாறையில் ஏறி நின்று படிவத்தை வாசித்தார்.

“முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல சின்னதா ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். அதைத்தான் வெட்டணும். அது மீனுக்கு வலிக்காது.”

இசைவாணி கையிலிருந்த கெண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்த மீனுக்கு அந்த எடத்துல ஒண்ணும் இல்லீங்க சார்.”

“நல்லாப் பாரும்மா.”

“பாத்துட்டேங்க சார். கெண்டைக்கு அந்தத் துடுப்பே கிடையாதுங்க.”

“எல்லா மீனுக்கும் இருக்கும். சால்மனுக்கு இருக்குதே.”

கூடை பிடித்துக்கொண்டிருந்த மூக்கன், பாவாயியின் புருஷன், மரியாதையாகக் குனிந்து மீனைப் பார்த்தான். “எங்க ஓடை மீனு ஏழை மீனுங்க சார். அதெல்லாம் வாங்கிப் போட்டுக்கல.”

காரில் சாய்ந்து நின்ற டிரைவர் சுப்புராயன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். விஜயராகவன் கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்தார். படிவம் தப்பாக இருக்க முடியாது. ஆகவே மீன்தான் தப்பு. கடைசியில், “ஏதோ ஒரு எடத்துல வெட்டு” என்று சொல்லிவிட்டுச் செல்போனில் சிக்னல் தேடிப் பாறை பாறையாகப் போனார். இசைவாணி வால் துடுப்பின் மேல் முனையில் நெல்மணி அளவுக்கு நறுக்கினாள். நாலு நாளில் இருநூறு கெண்டை. ஒவ்வொன்றையும் அளந்து, நறுக்கி, தண்ணீரில் பிடித்து, அது தானாகத் துள்ளிப் போகும்வரை கையை எடுக்காமல் இருந்தாள். ஒன்றுகூடச் சாகவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை. ரிஷிவந்தியத்தில் அவள் தெருவில், பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு மீன் பிடிக்கப் போகிறவள் என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிடித்ததைத் திரும்ப விடுகிறாள் என்று தெரிந்தால் இன்னும் என்ன சொல்வார்களோ.

இரண்டு வாரம் கழித்து எண்ணிக்கை. மூக்கன் ஓடையின் குறுக்கே கல் அடுக்கி, நடுவில் விட்ட வாயில் மூங்கில் பரியைக் கட்டினான். பரி என்பது நீளக் கூடை. தண்ணீரோடு உள்ளே போகிற மீன் திரும்பி வர முடியாது. சாயங்காலம் கட்டினால் காலையில் மீன் இருக்கும். இசைவாணி முதல் பஸ்ஸில் வந்தாலும் மூங்கில்பள்ளம் வந்துசேர ஒன்பதாகிவிடும். அதற்குள் மூக்கன் பரியை அவிழ்த்து, மீனை அவளுடைய நீலப் பக்கெட்டில் விட்டு, தென்னை ஓலை போட்டு மூடி வைத்திருப்பான். அவள் வந்து எண்ணிவிட்டுத் திரும்ப ஓடையில் விடுவாள்.

ஐந்து நாளில் பக்கெட்டுக்கு வந்தது மொத்தம் இருபது மீன். அதில் பத்தொன்பதுக்கு வால் நறுக்கியிருந்தது.

மூன்று தடவை கணக்குப் போட்டாள். மூன்று தடவையும் அதே விடை. கரடியோடையில் இருக்கும் கெண்டைகள்: இருநூற்றுப் பத்து.

*

விஜயராகவன் போனிலேயே கை தட்டினார்.

“இருநூத்திப் பத்தா! பிரமாதம்மா, பிரமாதம்!”

“ரொம்பக் கம்மியா இருக்குதுங்க சார். எனக்கு என்னமோ...”

“கம்மியா இருக்கறதுதாம்மா பிரமாதம். ஐந்நூறுக்குக் கீழ போனா ‘அழிவின் விளிம்பு’. இரண்டாம் கட்டத்துக்குப் பணம் உறுதி.”

இரண்டாம் கட்டம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஓடையில் மூன்று வருடத்துக்கு யாரும் கால் வைக்கக் கூடாது. பரி கட்டக் கூடாது, தூண்டில் போடக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் முள்வேலி. உள்ளே, பண்ணையில் வளர்த்த இருபதாயிரம் ஜிலேபி மீன் குஞ்சுகளைக் கொட்டி ‘மீன்வளத்தை மீட்பார்கள்’. ஜிலேபி மீன் போன குளத்தில் வேறு மீன் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள விலங்கியல் படிக்க வேண்டியதில்லை. எந்த ஏரிக்கரையிலும் நின்று கேட்டால் சொல்வார்கள். கெண்டையைக் காப்பாற்றுவதற்காக, கெண்டை முட்டையைத் தின்கிற மீனை விடப்போகிறார்கள். கெண்டையைத் தின்கிற மனிதர்களை வெளியே நிறுத்தப் போகிறார்கள். அத்தனையும் அவள் போட்ட ஒரு எண்ணை வைத்துக்கொண்டு.

‘இந்த ஓடையில் இறங்குவது தண்டனைக்குரிய குற்றம்’ என்ற தகரப் பலகை ஏற்கனவே எழுதித் தயாராகக் காரின் பின்னால் கிடந்தது. எண்ணுவதற்கு முன்னாலேயே எழுதியிருந்தார்கள். சுப்புராயன்தான் அவளிடம் சொன்னார்: “பெயிண்ட் காஞ்சு ரெண்டு மாசம் ஆவுதும்மா.”

அவள் மறுநாள் மூங்கில்பள்ளம் போனது செய்தியைச் சொல்வதற்காக. எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் பயன்படவில்லை. பாவாயி வீட்டு முன்னால் பாறையில் கெண்டை காய்ந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாக, உப்புப் போட்டு.

இசைவாணி குனிந்து பார்த்தாள். ஒன்றுக்கும் வால் நறுக்கவில்லை.

“இது எங்க புடிச்சீங்கக்கா?”

“எங்க புடிப்பாங்க? நம்ப பரிலதான்.”

“எப்ப?”

“நீ எண்ணிக்கினு இருந்தியே, அந்த அஞ்சு நாளும்தான்.” பாவாயிக்கு இதில் கேட்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. “உன் மீன உன் பக்கெட்ல வுட்டுட்டு, எங்க மீன நாங்க எடுத்துக்கினோம். ஒண்ணே ஒண்ணு தவறி உன்னுதுல போயிடுச்சி. இந்தாளு கண்ணு தெரியாம போட்டுட்டாரு.”

இசைவாணி பாறையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஏன்க்கா பிரிச்சீங்க?”

“பின்ன? காது நறுக்குன ஆட்ட எவனாச்சும் அறுப்பானா?”

மூக்கன் விளக்கினான். காளியம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குக் காது நுனியை நறுக்கி விடுவார்கள். அது எவன் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள், கட்ட மாட்டார்கள், வெட்டவும் மாட்டார்கள். நேர்ந்தவன் யாரோ, அவன் கையில்தான் ஒப்படைக்க வேண்டும். இந்தம்மா நாலு நாள் தண்ணீரில் நின்று ஒவ்வொரு மீனாகப் பிடித்து வாலை நறுக்கி, கையில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்து ஓடையில் விட்டதை ஊரே பார்த்தது. கல்யாணம் ஆகாத பெண். என்ன வேண்டுதலோ.

“நான் முணுமுணுக்கல. எண்ணிக்கினு இருந்தேன்.”

“எண்ணுறத ஏன் மீனு காதுல சொல்லுற?” என்றாள் பாவாயி. “ஊருல நாங்க பேசிக்கினோம். எரநூறு மீனு நேந்துக்கிறான்னா மாப்புள்ள பெரிய எடமாட்டம் இருக்குதுன்னு.”

சிரிக்கவா அழவா என்று தெரியாத நிலையில் மனிதர்கள் செய்வதை இசைவாணியும் செய்தாள். நோட்டை எடுத்தாள். “நீங்க எடுத்துக்கினது எத்தினின்னு தெரியுமா?”

தெரியாமல் என்ன? பரி மீனை ஊரில் எண்ணித்தான் பங்கு வைப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு. ஆறு வீடு. ஐந்து நாள். நூற்றிருபது.

“அப்பறம் ஒண்ணு பூன தூக்கிக்கினு போச்சி” என்றான் மூக்கன்.

நூற்றிருபத்தொன்று. பக்கெட்டில் இருபது. மொத்தம் நூற்று நாற்பத்தொன்று, அதில் குறியுள்ளது பத்தொன்பது. பாறையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டாள். ஓடையில் கெண்டை ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.

இரண்டாம் கட்டத்தைப் பற்றி அப்போது சொன்னாள். வேலி, ஜிலேபி, பலகை எல்லாம். பாவாயி காய்ந்துகொண்டிருந்த ஒரு கெண்டையைத் திருப்பிப் போட்டாள். பிறகு, “உன் மீன உனுக்கே குடுத்ததுக்கா இது?” என்றாள்.

“அதான்க்கா திரும்ப எண்ணப் போறேன். சென்னையிலேர்ந்து ஒரு மேடம் பாக்க வராங்க. அன்னிக்கு பரியில இருக்கிறத அவங்க முன்னாடி எண்ணணும். நல்லாக் கேட்டுக்குங்க. நான் யாருக்கும் எதையும் நேந்துக்கல. வால் நறுக்குன மீன நீங்க தாராளமாத் துன்னலாம்.”

பாவாயியும் மூக்கனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நெசமாத்தான் சொல்லுறியா?” என்றான் மூக்கன். “நேந்துக்கினவங்க வாயாலயே சொல்லணும்.”

“நெசமாத்தாண்ணே. என் வாயாலதான் சொல்றேன்.”

பிரிக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மதியப் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. புரிந்துகொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள். படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. தான் ஒன்றைச் சொல்லிவிட்டால், கேட்டவர்களுக்கும் அதே ஒன்றுதான் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

*

விஜயராகவனிடம் ஆயிரத்து நானூற்றைக் கொண்டுபோனாள். அவர் கேட்டுக்கொண்டே டீ குடித்தார்.

“யார் எண்ணினது?”

“ஊர்க்காரங்கதாங்க சார். பங்கு வைக்கறதுக்காக எண்ணுனது. தப்பா இருக்காது.”

“அதுல ஒண்ணு பூனை தூக்கிட்டுப் போனதுன்னு எழுதியிருக்கியே.”

“ஆமாங்க சார்.”

“இசை, நீ சின்னப் பொண்ணு. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. பூனையெல்லாம் தரவு ஆகாது.” டீ கிளாஸை வைத்தார். “கனடாவுல இப்படி ஒரு பேப்பரை நீட்டினா என்ன ஆகும் தெரியுமா?”

கனடாவில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே பூனைகளை எப்படி நடத்துகிறார்களோ. ஆனால் சென்னையிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் முன்னால் இன்னொரு தடவை பரி கட்டி எண்ணலாம் என்று அவள் கேட்டபோது, அவர் உடனே சரி என்றார். இருபதுக்குப் பத்தொன்பது வந்த ஓடையில் மறுபடியும் இருபதுக்குப் பத்தொன்பதுதான் வரும் என்று அவர் நம்பினார். தனக்குச் சாதகமான எண் ஒன்றைத் தவிர வேறு எதையும் அவர் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நம்பியிருக்க மாட்டார்.

எண்ண வேண்டிய நாளில் முதல் பஸ்ஸில் போகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை. மேடத்துக்குக் கள்ளக்குறிச்சி விடுதியில் பூங்கொத்துக் கொடுக்க ஒரு பெண் வேண்டும். ஆகவே ஓடையில் இருக்க வேண்டிய காலை நேரத்தில், களத் தொழில்நுட்பப் பணியாளர் இசைவாணி கையில் ரோஜாக்களோடு ஒரு விடுதி வாசலில் நின்றாள். பனியனை நேராகப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

*

மூங்கில்பள்ளம் வந்தபோது மணி பத்தரை. ஊர் முழுக்க மீன் குழம்பு வாசனை அடித்தது.

நீலப் பக்கெட் ஓடைக்கரையில் தயாராக இருந்தது. மதிப்பீட்டாளர் அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். வாயைவிடக் கண்ணை அதிகம் பயன்படுத்துகிறவராகத் தெரிந்தார். இசைவாணி ஒவ்வொரு மீனாக எடுத்து, வாலை விரித்துக் காட்டி, இன்னொரு பக்கெட்டில் விட்டாள். ஒன்று, குறி இல்லை. இரண்டு, குறி இல்லை. இருபதைத் தாண்டியதும் அவள் குரல் இறங்கியது. ஐம்பத்திரண்டாவது மீனுக்கும் குறி இல்லை. பக்கெட்டில் தண்ணீர்தான் மிச்சம்.

விஜயராகவன் கையடக்கக் கணினியில் எண்களைப் போட்டார். விடை வர வேண்டிய கட்டத்தில் ‘பிழை’ என்று வந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் பிழை. திரையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டார்.

“சுழியத்தால வகுக்க முடியாதுங்க சார்” என்றாள் இசைவாணி மெதுவாக.

“குறி போட்ட மீன் ஒண்ணுகூட இல்லையா?” மதிப்பீட்டாளர் கேட்டார். “இருநூறு போட்டீங்கன்னு அறிக்கையில இருக்கு. எங்க போச்சு? நீங்க வாலை வெட்டினதுல எல்லாம் செத்துப்போச்சா?”

விஜயராகவனின் முகத்தில் அன்றைக்கு ஓடிய கணக்கு, அவர் வாழ்நாளில் போட்டதிலேயே வேகமான கணக்காக இருக்க வேண்டும். இருநூறு மீனைக் கொன்ற திட்டம் என்று ஒரு வரி அறிக்கையில் ஏறினால் இரண்டாம் கட்டம் இல்லை, முதல் கட்டமே இருந்ததாக இருக்காது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

“சாகலீங்க மேடம். அதெப்படிச் சாகும்? பெருகிடுச்சு! இவ்வளவு மீனுக்கு நடுவுல அந்த இருநூறு கடல்ல கரைச்ச பெருங்காயம் மாதிரி ஆயிடுச்சுங்க.”

“ஒரு மாசத்துக்குள்ளயா?”

“மழைங்க மேடம். அதோட எங்க விழிப்புணர்வு முகாம்கள். சால்மன்கூட இப்படித்தான், ஒரு நல்ல பருவம் கிடைச்சா...”

மதிப்பீட்டாளர் அவரை விட்டுவிட்டு இசைவாணியைப் பார்த்தார். “நீங்கதானே எண்ணினது? நீங்க என்ன சொல்றீங்க?”

அந்த நேரத்தில்தான் இசைவாணியின் கண் பாவாயி வீட்டுப் பக்கம் போனது. அடுப்படியை ஒட்டி நட்டிருந்த காளியம்மன் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. கல்லுக்கு முன்னால் ஒரு வாழையிலைத் துண்டு. இலையில் வரிசையாக மீன் வால்கள். ஆட்டை அறுத்தால் நறுக்கிய காதைச் சாமிக்கு முன்னால் வைப்பார்கள் அல்லவா, அதே போல. எட்டு வால். எட்டுக்கும் மேல் முனையில் நெல்மணி அளவுக்கு நறுக்கு.

பாவாயி நெற்றி நிறையக் குங்குமத்தோடு வாசலில் நின்றுகொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். சொன்னபடி செய்துவிட்டவளின் சிரிப்பு.

சொல்ல வேண்டும் என்றால் இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் கணக்கு நேராகும். எட்டையும் சேர்த்தால் அறுபது, அதில் எட்டு, ஆயிரத்து ஐந்நூறு. போன தடவை வந்த ஆயிரத்து நானூற்றுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவளுடைய எண் சரி. முழுக்கச் சரி. ஆனால் பூனையையே தரவாக ஒப்புக்கொள்ளாதவர் சாமி இலையையா ஒப்புக்கொள்வார்? ஊர்க்காரர்கள் ஆதாரத்தைச் சமைத்துத் தின்றுவிட்டார்கள், எண்ணிக்கை செல்லாது, பழைய இருநூற்றுப் பத்தே இருக்கட்டும் என்பார். அந்தத் தகரப் பலகை காரில்தான் கிடக்கிறது.

“பக்கெட்ல அம்பத்திரண்டு மீனுங்க மேடம்” என்றாள் இசைவாணி. “குறி போட்டது சுழியம்.”

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

“அப்போ இந்த ஓடையை மூட வேண்டிய அவசியம் என்ன இருக்கு?” என்று விஜயராகவனைக் கேட்டார் மதிப்பீட்டாளர்.

“அவசியமே இல்லீங்க மேடம்” என்றார் விஜயராகவன். “மூடறதுங்கற பேச்சே நான் எடுக்கலியே.”

*

மதியம் எல்லோரும் பாவாயி வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று ஊரே நின்றது. ஏன் என்று விஜயராகவன் கேட்கவில்லை. தன்னைப் போன்றவருக்கு விருந்து வைப்பதற்குக் காரணம் வேறு வேண்டுமா என்பது அவர் எண்ணம். இசைவாணிதான் தண்ணீர்ப் பானைப் பக்கம் மூக்கனை மடக்கிக் கேட்டாள்.

“பரியில இருந்ததெல்லாம் பக்கெட்ல இருக்கணும்னு தெரியாதாண்ணே?”

“நீதான வேண்டுதல அவுத்துவுட்ட?” மூக்கனுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவுத்துவுட்ட உசுர திரும்ப நேந்தவங்க கையில உசுரோட குடுக்கக் கூடாது. அன்னிக்கே ஆக்கி, ஊருல இருக்கிற அத்தினி பேருக்கும் குடுக்கணும். வந்தவங்க போனவங்க எல்லாருக்கும்தான். மொதல்ல நேந்தவங்களுக்கு. இது தெரியாமயா நேந்துக்கின?”

“நான் நேந்துக்கல!”

“சரி, சரி. அதான் அவுத்துட்டியே. குந்து, சாப்புடு.”

குந்தினாள். எட்டு மீன், ஒரு ஊர். ஆளுக்கு ஒரு துண்டும் நிறையக் குழம்பும் கிடைத்தன. விஜயராகவனுக்கு விருந்தாளி என்று இரண்டு துண்டு விழுந்தது. அவர் முள்ளைச் சப்பிச் சப்பித் தட்டின் ஓரத்தில் வைத்தார். திட்டத்தின் முழுத் தரவும் அவர் நாக்கில் கரைந்துகொண்டிருந்தது.

“என்ன ருசி! ஓடை மீன்னா ஓடை மீன்தான். பண்ணை மீனெல்லாம் இதுகிட்ட வரவே முடியாது.”

“அப்டிங்களா சார்?” என்றாள் பாவாயி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டே. “எங்களுக்கு இந்த மீனு கொஞ்சம் ருசி கம்மியாத்தான் தெரியுதுங்க. கை பட்டுக்கினே இருந்த மீனு பாருங்க.”

சுப்புராயனுக்குப் புரையேறியது.

கிளம்பும்போது விஜயராகவன் கல்லையும் இலையையும் பார்த்துவிட்டார்.

“இது என்னது?”

“நேத்திக்கடனுங்க சார்” என்றாள் பாவாயி.

“அடடா!” அவர் மண்டியிட்டார். புதுப் பூட்ஸில் அன்றுதான் முதன்முதலாக மண் பட்டது. நாலு கோணத்தில் படம் எடுத்தார். “இதுதாம்மா இசை, மலை மக்களோட பண்பாடு. இதையெல்லாம் பதிவு பண்ணணும். உனக்குப் பார்க்கத் தெரியல பாரு.”

“தெரியலீங்க சார்” என்றாள் இசைவாணி.

தகரப் பலகையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகச் சுப்புராயனுக்குச் சோம்பலாக இருந்ததோ என்னவோ, மூங்கில் புதரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் இசைவாணி வந்தபோது அது பாறையில் மல்லாந்து கிடந்தது. எழுத்து கீழே, வெள்ளைத் தகரம் மேலே. பாவாயி அதில் கெண்டை காயப் போட்டிருந்தாள். பாறையைவிடச் சீக்கிரம் காய்கிறதாம்.

தை மாதம் அறிக்கை வந்தது, வழவழப்பான தாளில். ‘ஒரே பருவத்தில் எண்ண முடியாத அளவுக்கு மீன்கள்: ஒரு வெற்றிக் கதை’ என்று தலைப்பு. விஜயராகவனுக்கு அதை வாசிக்க மறுபடியும் கனடாவிலிருந்து அழைப்பு. இசைவாணியின் பெயர் நாற்பத்தோராம் பக்கத்தில் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் இருந்தது. அடுத்த ஓடைக்குப் புதுப் படிவம் கொடுத்தார்கள். ஏழாவது கேள்வி அப்படியே இருந்தது. பேனாவை எடுத்து முதல் வேலையாக அதில் சுழியம் போட்டாள்.

அறிக்கையின் அட்டைப் படம் மட்டும் நன்றாக வந்திருந்தது. மஞ்சள் பூசிய கல், பச்சை இலை, இலையில் எட்டு வால்கள். ஒவ்வொன்றின் மேல் முனையிலும் அவள் போட்ட நறுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆயிரம் பிரதி அச்சடித்தார்களாம். சென்னைக்கு, தில்லிக்கு, கனடாவுக்கு எல்லாம் போயிருக்கிறது. மீன் எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவர்கள்தான் அத்தனை பேரும். இன்றுவரை ஒருவரும் அந்த வால்களை எண்ணிப் பார்க்கவில்லை.